ஆளில்லாத காக்கிப் பை

டில்லியில் டிரான்சிஸ்டர் பெட்டிக்குள் குண்டு வைத்து ஆட்களைக் கொன்ற வருஷம் அது. அங்கே வெடித்ததற்கு இங்கே மதுரையில் ஆட்டோவில் மைக்செட் கட்டினார்கள். ஏட்டு நல்லகாமன்தான் அந்த ஆட்டோவில் உட்கார்ந்து பழங்காநத்தம் முழுக்கக் கத்திக்கொண்டே போனவர். "ஆளில்லாத பை, பெட்டி, ரேடியோ எதைப் பாத்தாலும் தொடாதீங்க! உடனே போலீசுக்குச் சொல்லுங்க!" கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போய், வீட்டில் மனைவி மாயக்காள் மிளகுப்பால் போட்டுக் கொடுத்துத்தான் குரலே திரும்பியது.

நம் சனங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே ஸ்டேஷன் வாசல் சந்தைக்கடை ஆகிவிட்டது. ஒருவன் கத்தரிக்காய் மூட்டையைக் காட்டி "இதுக்கு ஆளில்லை" என்றான். இன்னொருவன் கம்பங்கூழ் இருந்த தூக்குச்சட்டியை எட்ட நின்று குச்சியால் தள்ளிக்கொண்டே வந்தான். திருநகரிலிருந்து ஒரு மருமகள் வந்து, "எங்க மாமியா டிரங்குப் பெட்டிய்யா. உள்ள என்ன இருக்குன்னு கட்டி வந்த நாள்லேருந்து எனக்குத் தெரியாது. நீங்களே வந்து தொறந்து பாத்துருங்க" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நல்லகாமன் தலையில் அடித்துக்கொண்டார்.

இது ஊரறிய வந்த உத்தரவு. ஊரறியாமல் இன்னொன்றும் வந்தது. குண்டு வைத்தது பஞ்சாப் தீவிரவாதிகள் என்று பேப்பரில் வந்துவிட்டதால், வடக்கத்தி ஆட்கள் மீது, முக்கியமாகத் தலைப்பாகை கட்டியவர்கள் மீது, ஒரு கண் இருக்கட்டும் என்பது அது. சரி, பழங்காநத்தத்தில் தலைப்பாகை கட்டிய ஆள் எத்தனை பேர்? ஒரே ஒருத்தர். லாரி சாமான் கடை மொகிந்தர் சிங்.

சிங் ஒரு காலத்தில் பஞ்சாபிலிருந்து லாரி ஓட்டி வந்தவர். மதுரை பிடித்துப்போய் இங்கேயே கடை போட்டுக் குடும்பத்தோடு தங்கிவிட்டார். தமிழை லாரி டிரைவர்களிடம் கற்றுக்கொண்டதால் அவர் பேச்சில் இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை ஒன்று வந்து விழும். அதுவும் திட்டுவதற்காக இல்லை, பாசத்துக்குத்தான்.

அவர் மீது கண் வைக்கும் பொறுப்பும் நல்லகாமன் தலையில்தான் விழுந்தது. தினமும் சாயங்காலம் சிங் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்காருவார். சிங்குக்குத் தெரியாதா என்ன? பக்கத்து டீக்கடை சோணைமுத்துவைப் பார்த்து உரக்கக் கூப்பிடுவார்.

"சோணை! வேவு பாக்க ஏட்டய்யா வந்துட்டாரு. வேவுக்கு ஒரு டீ போடு, சீனி தூக்கலா!"

நல்லகாமனுக்கு வெட்கமாக இருக்கும். இருந்தாலும் டீயைக் குடித்துவிடுவார்.

விஷயம் நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்லகாமன் மகள் அன்னக்கொடிக்குக் காதுகுத்து. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல், கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு, விருந்து எல்லாம் ஏற்பாடு ஆகியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார்த்தி வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன், மாயக்காளின் தம்பி மலையாண்டி, ஊரெல்லாம் சவால் விட்டு வைத்திருந்தான். "நான் சீர் கொண்டு வாரேன் பாரு. வேட்டுச் சத்தத்துல மலை அதிரணும்!"

அன்றைக்குக் கோர்ட் வேலையை முடித்துக்கொண்டு பின்மதியம் நல்லகாமன் சைக்கிளில் வந்து இறங்கியபோது ஸ்டேஷன் வாசலில் ஒரே கூட்டம். உள்ளே பெஞ்சில் மொகிந்தர் சிங் உட்கார்ந்திருந்தார். எப்போதும் சிரிக்கிற மனுஷன், கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்.ஐ. லூர்துராஜ் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வயசுப் பையன், வேலைக்குப் புதுசு, நேர்மையான ஆள். ஆனால் பயந்த ஆள்.

"வாங்க ஏட்டய்யா. உங்க சிங்கு என்ன வேலை பண்ணியிருக்கார்னு கேளுங்க" என்றார் லூர்துராஜ்.

"என்ன பண்ணினேன்? நீங்க மைக்குல கத்துனதத்தான் பண்ணினேன்!" என்று சிங் நிமிர்ந்தார். "ஏட்டய்யா, திருநகர் போற டவுன் பஸ்சு எங் கடை வாசல்ல பெல்ட்டு அந்து நின்னுச்சு. பெல்ட்டு குடுக்க உள்ள ஏறினேன். ஒரு சீட்டுல பை கெடக்கு, ஆளைக் காணோம். யார் பைன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்கல. குனிஞ்சா கரிமருந்து வாடை மூக்கத் தொளைக்குது. பக்கத்து சீட்டுல ஒருத்தன் பீடி இழுத்துக்கிட்டு இருக்கான்! பீடியப் புடுங்கி வெளிய எறிஞ்சேன். அம்புட்டுப் பேரையும் இறக்கிவிட்டேன். நானே நடந்து வந்து சொன்னேன். உக்காருன்னாங்க. உக்காந்தேன். அப்புறம் எந்திரிக்கவே விடல."

"கரிமருந்து வாடை அவருக்கு எப்படித் தெரியும்? அதைக் கேளுங்க" என்றார் லூர்துராஜ். "இன்னொண்ணு கேளுங்க. அந்தப் பை சாதாரணப் பையில்லை. காக்கித் துணி. மிலிட்டரித் துணி! இவர் தம்பி மிலிட்டரியில இருக்காராம், அவரே சொல்றார். எல்லாம் பொருந்துதா இல்லையா?"

பொருந்தத்தான் செய்தது. பயந்தவன் கணக்குப் போட்டால் எல்லாமே பொருந்தும்.

"சிட்டியிலேருந்து வேன் வருது. அனுப்பறதுக்கு முன்னாடி சோதனை போடணும். அந்தத் தலைப்பாகையை அவிழ்க்கச் சொல்லுங்க" என்றார் எஸ்.ஐ.

சிங்கின் கை மெல்ல மேலே போய்த் தலைப்பாகையைத் தொட்டபடி அப்படியே நின்றது. அவர் வாயில் வழக்கமாக வருகிற வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. நல்லகாமன் ஊரில் தாய்மாமனுக்கு உருமா கட்டுவார்கள். சபையில் தலையில் கட்டிய உருமாவை இன்னொருத்தன் கைவைத்து இறக்கினால் அங்கே வெட்டுக்குத்து நடக்கும்.

"ஐயா, ஒரு நிமிசம். மொதல்ல அந்தப் பைய ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளை மிதித்தார்.

சிங் கடை வாசலில் பஸ் தனியாக நின்றது. கான்ஸ்டபிள்கள் கயிறு கட்டிச் சனங்களை எட்ட நிறுத்தியிருந்தார்கள். பஸ்ஸைச் சுற்றிலும் பழைய லாரி டயர்களை அடுக்கி வைத்திருந்தது சிங்தான். வெடித்தாலும் ரோட்டில் போகிற வருகிறவர்களுக்கு அடிபடக்கூடாது என்று அவரே உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறார். ஆனால் கூட்டத்தின் பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"டயரெல்லாம் முன்னாடியே ரெடியா வெச்சிருக்கான் பாத்தியா?" என்றான் ஒருத்தன்.

"லாரிக்கடையில டயரு இல்லாம மல்லிகைப்பூவாடா இருக்கும்?" என்று சோணைமுத்து டீ வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் மேல் பாய்ந்தார். அவர் ஒரு ஆள்தான் சிங் கடைக் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் கையில் கல்லோடு, எறியலாமா வேண்டாமா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லகாமனைக் கண்டதும் கல்லைக் கீழே போட்டார்கள்.

நல்லகாமன் டயருக்கு மேலாக எட்டி, பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்த்தவருக்கு நெஞ்சு திக்கென்றது. குண்டுக்குப் பயந்து அல்ல.

காக்கிப் பை. மஞ்சள் நூலில் தைத்த வாய். ஒரு பக்கத்தில் சதுரமாக ஒரு ஒட்டு. போன மாசியில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் கிழித்துக்கொண்ட கால்சட்டைக்கு மாயக்காள் போட்ட ஒட்டு அது. மிலிட்டரித் துணியாவது மண்ணாவது! அது நல்லகாமனின் சொந்தக் கால்சட்டை. வெளுத்துக் கிழிந்துபோன பிறகு அதை வெட்டி, அடியை மூட்டித் தைத்துத் தம்பிக்குப் பையாகக் கொடுத்தவள் மாயக்காள்.

மீதியை அவரால் கண்ணால் பார்த்ததுபோலச் சொல்லிவிட முடியும். மலையாண்டி டவுனில் அதிர்வேட்டு வாங்கியிருப்பான். அக்காள் வீட்டில் கொண்டுபோய் வைக்கத் திருநகர் பஸ்ஸைப் பிடித்திருப்பான். நம் ஊரில் பஸ்ஸில் எப்படி இடம் பிடிப்பார்கள்? ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்கள். துண்டு இல்லையென்றால் பையைப் போடுவார்கள். இந்த மகராசன் வேட்டுப் பையைப் போட்டு இடம் பிடித்திருக்கிறான்! போட்டுவிட்டு வடை தின்னப் போயிருப்பான். பஸ் கிளம்பிவிட்டது.

"அடப்பாவி மாப்ள!" என்று நல்லகாமன் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே திரும்பினார். உண்மையைச் சொன்னால் மலையாண்டி உள்ளே போவான். லைசென்சு இல்லாமல் வெடிமருந்தைப் பஸ்ஸில் ஏற்றினால் சும்மா விடுவார்களா? ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை யார் மடியில் உட்கார்த்துவது? சொந்தபந்தம் எல்லாம் கூடி நிற்கும்போது தாய்மாமன் ஜெயிலில் இருந்தால் மாயக்காள் உயிரோடு இருப்பாளா, இல்லை தன்னை உயிரோடு விடுவாளா? சொல்லாவிட்டால் என்ன ஆகும்? சிட்டியிலிருந்து ஆள் வந்து பையைத் திறப்பார்கள். வேட்டு என்று தெரிந்துபோகும். நாளைக்கோ மறுநாளோ சிங்கை விட்டுவிடுவார்கள். ஒரு ராத்திரிதானே, மனுஷன் பொறுத்துக்கொள்ள மாட்டாரா?

இப்படி நினைத்துக்கொண்டேதான் ஸ்டேஷன் படியேறினார். பொய் சொல்வானேன், சும்மா இருந்துவிடலாம் என்றுதான் பாதி மனசு இருந்தது.

உள்ளே லூர்துராஜ் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "வேன் கிளம்பிருச்சு. ஏட்டய்யா, இன்னொண்ணும் முடிவு பண்ணிட்டேன். இவரை விட்டாலும் சரி, விடாட்டியும் சரி, இனிமே இவரும் இவர் வீட்டு ஆளுகளும் தினமும் ஸ்டேஷனுக்கு வந்து கைநாட்டு வெச்சுட்டுப் போகட்டும். எதுக்கு வம்பு?"

நல்லகாமனுக்குச் சுரீரென்றது. அவர் அப்பன் பேயாண்டி வெள்ளைக்காரன் காலத்து ரேகைச் சட்டத்தில் மாட்டியவர். ஒரு கோழி முட்டையைக்கூடத் திருடியவர் இல்லை. ஆனாலும் அந்த ஊரில், அந்தச் சாதியில் பிறந்ததற்காகப் பொழுது சாய்ந்ததும் வீட்டை விட்டுப் போய்ப் போலீஸ் சாவடியில் ரேகை வைத்துவிட்டு அங்கேயே படுத்துக் கிடந்தார். புதுப் பெண்டாட்டியை வீட்டில் தனியே விட்டுவிட்டுப் படுத்துக் கிடந்தார். அதை நினைத்தால் சாகிற வரைக்கும் அவருக்குக் கண் கலங்கும்.

"ஐயா, அது என் கால்சட்டை" என்றார் நல்லகாமன்.

லூர்துராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லகாமனின் இடுப்பில் இருந்த கால்சட்டையைப் பார்த்தார்.

"இதில்லைய்யா. பஸ்ல கெடக்கற பை. என் பழைய கால்சட்டை. என் வீட்டுக்காரி தச்சது. உள்ள இருக்கறது அதிர்வேட்டு. என் மச்சினன் காதுகுத்துக்கு வாங்கினது. சிங்கண்ணனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல் கேட்டது. வேர்த்து விறுவிறுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலையாண்டியே உள்ளே வந்தான்.

"மச்சான்! என்ன ஊருய்யா இது? பஸ்ஸுல இடம் போட்ட பைய எவனோ ஆட்டையப் போட்டுட்டான்! எழுதுங்க கேச!"

சிங் முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சே ஆடும்படி சிரித்தார். லூர்துராஜ் சிரிக்கவில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"வேட்டோ குண்டோ, அந்த பீடி அதுல விழுந்திருந்தா?" என்றார்.

"பஸ்ஸோட போயிருக்கும்யா" என்றார் நல்லகாமன். "நீங்க பயந்ததுல தப்பே இல்லை. பையப் பாக்கத்தான் வேணும். என் பையா இருந்தாலும் பாக்கணும், கலெக்டர் பையா இருந்தாலும் பாக்கணும். ஆனா தலைப்பாவப் பாத்துக்கிட்டே இருந்தீங்கன்னா பை தப்பிச்சுப் போயிரும்யா. நம்ம பேச்சக் கேட்டு ஒரே ஒரு மனுசன் ஒழுங்காச் செஞ்சாரு. அவரத்தான் பெஞ்சுல உக்கார வெச்சிருக்கோம். அடுத்த தடவ நெசமாவே குண்டு கெடந்தா எவன் வந்து சொல்லுவான்?"

லூர்துராஜ் எழுந்து சிங்கின் முன்னால் வந்து நின்றார். "தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கங்க" என்றார். சொன்ன கையோடு போனை எடுத்து வேனைத் திருப்பி அனுப்பினார். கைநாட்டுப் பேச்சு அதோடு போயிற்று. அப்புறம் மலையாண்டி பக்கம் திரும்பினார். "ஏட்டய்யா, இவரை என்ன பண்றது?"

"கேசு போடுங்க. என் மச்சினன்னு விட்டா நான் இம்புட்டு நேரம் பேசினது வீணு" என்றார் நல்லகாமன். சொல்லும்போதே மாயக்காள் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

சிங் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். "வாங்க தாய்மாமா, உக்காருங்க. ஐயா, ஒரு வார்த்த. சின்னக் கேசாப் போடுங்க, வேட்டப் பறிமுதல் பண்ணுங்க. நான் எம்புட்டு நேரம் இதுல உக்காந்தேனோ அம்புட்டு நேரம் அவரும் உக்காரட்டும். ஞாயித்துக்கிழமை அவர் மடி வேணும், பிள்ளைக்குக் காது குத்தணும்ல?"

அப்படியே ஆயிற்று. வேட்டைத் தண்ணீர் வாளியில் முக்கினார்கள். மலையாண்டி பெயரில் கேசு எழுதி, கோர்ட்டுக்கு வரச் சொல்லி ஜாமீனில் விட்டார்கள். மாயக்காளிடம் அன்று நல்லகாமன் வாங்கிக் கட்டிக்கொண்டதை மட்டும் இங்கே எழுத முடியாது. சிங் பேச்சைவிட மோசமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் பொட்டலில் பந்தல் நிறையச் சனம். நல்லகாமன் பந்தல் வாசலில் நின்றுகொண்டு, வருகிற ஒவ்வொருவர் பையையும் வாங்கிப் பார்த்தார். "சொந்தக்காரன் பையவே சோதிக்கிறியே, நல்லாருக்காப்பா இது?" என்று பங்காளிகள் முணுமுணுத்தார்கள். "சொந்தக்காரன் பையிலதாண்ணே வேட்டு இருந்துச்சு" என்று அவர் பதில் சொன்னார். சர்ச்சில் பூசை முடித்துவிட்டு வந்த லூர்துராஜ் தன் பையைத் தானே திறந்து காட்டினார். உள்ளே பிள்ளைக்கு ஒரு சட்டையும் ரிப்பனும் இருந்தன.

மலையாண்டியின் சீர் மட்டும் களையிழந்து வந்தது. தட்டு இருக்கிறது, மாலை இருக்கிறது, கிடா இருக்கிறது, வேட்டுச் சத்தம்தான் இல்லை. "மலை அதிரும்னானே, எலி கூட ஓடலையே" என்று யாரோ கிண்டலடித்தார்கள். மலையாண்டி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே நடந்தான்.

அப்போதுதான் கண்மாய்க்கரைப் பக்கம் ஒரு சத்தம் கிளம்பியது. லாரி ஹாரன். ஒன்றல்ல, ஒன்றுக்குப் பின் ஒன்றாக லாரிகள். ஏர்ஹாரனை அழுத்தின கை எடுக்காமல் அலற விட்டுக்கொண்டு வந்தார்கள். கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கிழவிகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முதல் லாரியின் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர் மொகிந்தர் சிங்.

"மாமன் சீர் வருதுடோய்!" என்று கத்தினார். கூடவே அந்த அச்சில் ஏறாத வார்த்தையும் ஒன்று வந்தது. கோயில் என்று நினைவு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மலையாண்டிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உருமா கட்டுகிற நேரத்தில், கட்டத் தெரிந்த பெரியவர் கிடாவைத் துரத்திக்கொண்டு போய்விட்டதால், சிங்கே துணியை வாங்கி மலையாண்டி தலையில் மடிப்பு மடிப்பாகச் சுற்றிக் கட்டினார். இவ்வளவு அழகாக உருமா கட்டின தாய்மாமனை அந்த ஊர் பார்த்ததில்லை. அந்த மடியில் அன்னக்கொடி உட்கார்ந்து, ஊரே அதிர அழுது, காது குத்திக்கொண்டாள்.

எல்லோரும் பந்தியில் உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கத்தல் கேட்டது.

"ஐயோ, புளியமரத்தடியில பை! ஆளில்லாத பை!"

இலையை விட்டுச் சனம் எழுந்துவிட்டது. மரத்தடியில் ஒரு காக்கிப் பை. அதே துணி, அதே மஞ்சள் நூல். கால்சட்டை என்றால் இரண்டு கால் இருக்குமில்லையா? ஒரு காலில் தம்பிக்குப் பை தைத்த மாயக்காள், மறு காலில் தனக்கு ஒன்று தைத்திருந்தாள்.

அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி மலையாண்டியைப் பார்த்தார்கள். அப்புறம் நல்லகாமனைப் பார்த்தார்கள். "யோவ் ஏட்டு, உன் வீட்ல இன்னும் எத்தன கால்சட்டைய்யா இருக்கு?" என்று ஒருத்தர் கத்தினார்.

மாயக்காள் ஓடி வந்து பையைத் தூக்கிக் காட்டினாள். "வெத்தலைய்யா! பந்திக்கு வாங்கின வெத்தல!"

சிங் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, கறிக்குழம்பைப் பிசைந்த கையோடு சுற்றும் முற்றும் பார்த்தார். அவர் பக்கம் ஒருவர்கூடத் திரும்பவில்லை. எல்லோரும் நல்லகாமனைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏட்டய்யா" என்றார் சிங், சந்தோஷம் தாங்காமல். "நாளையிலேருந்து நான் உங்க வீட்டுக்கு வேவு பாக்க வாரேன். டீ ரெடியா இருக்கட்டும், சீனி தூக்கலா!"